உப்பளக் கரையும் விண்மீன் கணக்கும்



சென்னையிலிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே செல்வோர் புதுச்சேரியை அடையுமுன் மரக்காணத்தைக் கடக்கவேண்டும். அவ்வூரை நெருங்கும்போதே நிலத்தின் தோற்றம் மாறிவிடுகின்றது. வயலும் தோப்பும் பின்னே செல்ல, கண்ணெட்டும் தொலைவு வரை உப்புப் பாத்திகளே கண்ணாடித் துண்டுகள் பதித்ததுபோல விரிந்து கிடக்கின்றன. இடையிடையே குவித்து வைத்த உப்பு வெயிலில் வெள்ளி மலைகளாக ஒளிர்கின்றது. ஒரு காலத்தில் இவ்வுப்பு பக்கிங்காம் கால்வாய் வழியாகப் படகேறிச் சென்னைக்குச் சென்றது. இன்று படகுகள் இல்லை. ஆயினும் உப்பளம் உண்டு, உழைப்பவர்களும் உண்டு.

தை மாதத்து மாலை ஒன்றில் அவ்வளங்களின் வரப்பிலே நின்று முதியவர் ஒருவரோடு உரையாடிக்கொண்டிருந்தேன். சிறு வயதுமுதல் உப்பு வாரியவர் அவர். தம் தொழிலைப் பற்றி நான் வினவியபோது அவர் சொன்ன விடை இன்றும் என் நெஞ்சில் நிற்கின்றது. "வேலை தரையிலே ஐயா, கணக்கெல்லாம் வானத்திலே" என்றார்.

எத்துணை உண்மையான சொல்! உவர்நீரைப் பாத்தியில் கட்டினால் அதனை உப்பாக்குவது ஞாயிறும் காற்றும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் கடல்நீர் மிகுந்து ஏறுமென்பதை அவர்கள் அறிவார்கள். ஆகவே திங்களின் வளர்ச்சி தேய்வும் அவர்கள் கணக்கில் சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக மழை. பல நாள் வெயிலில் விளைந்த உப்பை ஒரு நாழிகை மழை கரைத்துவிடும். ஐப்பசி பிறந்தால் அளத்தில் தொழில் இல்லை. மீண்டும் தை மாசியில் பாத்தியை மிதித்துச் செப்பனிட்டுத் தொடங்கவேண்டும். மேலே நடப்பதை அறியாதவனுக்கு இங்கே பிழைப்பு இல்லை.

அம்முதியவருடைய சொல்லைக் கேட்டபோது எனக்கு வேறொரு மனிதரின் நினைவு எழுந்தது. அவரும் நம் நாட்டவர். கல்லூரியில் வானூல் பயின்று பட்டம் பெற்றவர் அல்லர். வானத்தையே ஏடாகக் கொண்டு தாமே கற்றவர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் சென்னை வானாய்வு நிலையத்தில் வாழ்நாளைச் செலவிட்ட சிந்தாமணி ரகுநாதாசாரியார் என்பவரே அவர். அவரைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச விழைகின்றேன்.

அவர் கதையைத் தொடங்குமுன் மரக்காணத்துக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில் நிகழ்ந்த ஒன்றைக் கூறவேண்டும். ஜான் வாரன் என்னும் அறிஞர் நம் நாட்டுக் காலக் கணக்குகளை ஆராய்ந்து 'கால சங்கலிதம்' என்னும் பெருநூலை 1825ஆம் ஆண்டில் சென்னையில் வெளியிட்டார். அவர் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரைக் கண்டார். அவர் பெயரைச் 'சாமிநாடன் சாஷியா' என்பதாக வாரன் எழுதி வைத்திருக்கிறார். சாமிநாதன் என்னும் பெயரே அயலார் செவியில் அவ்வாறு திரிந்தது போலும். அக்கணியர் தாளும் கோலும் கையில் எடுக்கவில்லை. தரையிலே சோழிகளைப் பரப்பினார். மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களை ஓதினார். சோழிகளை இடம் மாற்றினார். 1825 மே 31க்கும் ஜூன் 1க்கும் இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் நேரத்தைக் கணித்துத் தந்தார்.

அவ்வாக்கியங்கள் யாவை? திங்கள் புவிக்கு மிக அண்மையில் வரும் நிலையிலிருந்து மீண்டும் அந்நிலையை அடைய 27½ நாளுக்குச் சற்று மிகுதியாகும். அவ்வாறு ஒன்பது முறை சுற்றி முடிக்கும்போது ஏறக்குறைய 248 நாள் நிறைகின்றது. அந்த 248 நாளுக்கும் நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்களை முன்னோர் அமைத்தனர். எழுத்துகளே எண்களாக நிற்கும்படி அவற்றைக் கட்டினர். ஓதத் தெரிந்தவனுக்கு அது வாக்கியம். பிரித்தறியத் தெரிந்தவனுக்கு அது திங்களின் இருப்பிடம். எழுதுகருவி அரிதாயிருந்த காலத்தில் ஓர் அட்டவணை முழுவதையும் நாவிலே சுமந்து செல்லும் வழியை அவர்கள் கண்டனர். இதனை வியவாமல் இருக்க இயலுமா?

எனினும் கணக்கு எவ்வளவு பொருந்தியது? கிரகணத்தின் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். நடுப்பகுதியில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். வெறும் நினைவாற்றலாலும் சோழிகளாலும் இவ்வளவு நெருங்கியது பெரிய செயலே. ஆனால் வானம் வானமாகவே நடந்தது. வாக்கியம் வாக்கியமாகவே நின்றது. இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாட்டை அக்கணியர் திருத்தமுடியவில்லை. வாக்கியத்தை அவர் நன்கு அறிவார். அதன் காரணத்தை அறியார் என்று வாரன் குறிப்பிடுகின்றார்.

பிழை எவ்வாறு சேர்கின்றது என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரையுள்ள கால அளவில் ஒரே ஒரு வினாடி தவறு இருக்கின்றது என்று கொள்வோம். ஒரு வினாடியை யார் பொருட்படுத்துவார்? ஆனால் 1000 ஆண்டில் 12,368 அமாவாசைகள் வந்து போகும். அத்தனை வினாடியையும் கூட்டினால் 3 மணி 26 நிமிடம் ஆகிவிடும். முன்னோர் தவறாகக் கணித்தார்கள் என்பதன்று இதன் பொருள். அவர்கள் கணித்ததைப் பின்வந்தோர் வானத்தோடு ஒத்திட்டுப் பார்க்க மறந்தார்கள் என்பதே பொருள்.

இந்நிலையில், அதே 1820களில் பிறந்தவர் நம் ரகுநாதாசாரியார். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பம் அவருடையது. வாக்கியமும் சித்தாந்தமும் அவர் வீட்டிலே வழங்கிய பேச்சு. இளமையிலேயே அவர் சென்னை வானாய்வு நிலையத்தில் பணியில் அமர்ந்தார். அந்நிலையம் 1792ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியாரால் எழுப்பப்பட்டது. 15 அடி உயரமுள்ள கருங்கல் தூண் ஒன்றை நிறுத்தி, அதன்மீது கருவியை ஏற்றி, விண்மீன்களை நோக்கினர். ஆயிரம் ஆண்டுக்குப் பின் வருவோரும் இந்நிலையம் தோன்றிய காலத்தை அறியவேண்டும் என்னும் கருத்தைத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் அத்தூணிலே பொறித்தனர். நுங்கம்பாக்கத்து வானிலை ஆய்வு மைய வளாகத்தில் அத்தூணை இன்றும் காணலாம்.

வானாய்வுத் தூண் வானிலை மையத்தில் நிற்பது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். சென்னையில் அவ்விரு கலைகளும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்தவை. 1796ஆம் ஆண்டு முதல் அங்கே வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டு வந்தன. இதற்கு ஆழ்ந்த காரணம் ஒன்று உண்டு. விண்மீனின் ஒளி நம் கண்ணை அடையுமுன் காற்றுமண்டலத்தைக் கடக்கின்றது, கடக்கும்போது வளைகின்றது. ஆகவே விண்மீன் தான் இருக்கும் இடத்தைவிடச் சற்று உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். தொடுவானத்துக்கு மேல் 14 பாகை உயரத்தில் நிற்கும் விண்மீனுக்கு இவ்வேறுபாடு ஏறக்குறைய 4 கலை, அதாவது ஒரு பாகையில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகும். காற்றின் வெப்பமும் அழுத்தமும் மாறினால் இவ்வளைவும் மாறும். எனவே விண்மீனை அளப்பவன் தொலைநோக்கியில் ஒரு கண்ணும், வெப்பமானியிலும் காற்றழுத்தமானியிலும் ஒரு கண்ணும் வைத்திருக்கவேண்டும். வானூலாளன் வானிலையை அறியாமல் தன் தொழிலைச் செய்ய இயலாது. உப்பளத்து முதியவருடைய நிலையும் ஏறக்குறைய இதுவே அன்றோ!

1861ஆம் ஆண்டில் நார்மன் ராபர்ட் போக்ஸன் என்னும் ஆங்கிலேயர் அந்நிலையத்தின் தலைவராக வந்தார். விண்மீன்களின் ஒளியை அளக்க இன்று உலகம் முழுவதும் வழங்கும் படிமுறையை 1856ஆம் ஆண்டில் வகுத்துத் தந்தவர் அவரே. அம்முறைப்படி ஒரு படி வேறுபாடு என்பது ஒளியில் ஏறக்குறைய 2½ மடங்கு வேறுபாடு. போக்ஸனின் கீழ் முதல் உதவியாளராக விளங்கியவர் ரகுநாதாசாரியார்.

அவர்கள் செய்த பெரும்பணி விண்மீன் அட்டவணை தொகுப்பது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்களின் இடத்தை ஒவ்வொன்றாக அளக்கும் பணி அது. தொலைநோக்கி வடக்குத் தெற்காக மட்டுமே திரும்பும். கிழக்கு மேற்காக அசையாது. புவி சுழல்வதால் விண்மீன் தானே அதன் முன்னே வந்து கடக்கும். பார்வைக் களத்தில் மெல்லிய இழைகள் கட்டப்பட்டிருக்கும். விண்மீன் ஒவ்வோர் இழையையும் கடக்கும் கணத்தைக் கடிகாரத்தின் தட்டொலியைச் செவியால் எண்ணியபடியே கண்ணால் பற்றவேண்டும்; வினாடியின் பத்திலொரு பங்கை மனத்தால் மதிப்பிட்டுக் குறிக்கவேண்டும். தூக்கத்தை வென்று, கொசுக்கடியையும் புழுக்கத்தையும் பொறுத்து, இரவுதோறும், ஆண்டுதோறும் இதனைச் செய்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? அட்டவணையில் ஓர் எண்.

இவ்வாறு எண்களோடு வாழ்ந்தவருக்கு 1867 ஜனவரியில் ஒரு புதுமை தென்பட்டது. ரெட்டிகுலம் எனப்படும் தென்வானத்து விண்மீன் குழுவில் உள்ள ஒரு மீன் தன் ஒளியில் மாறுவதை அவர் கண்டுபிடித்தார். அதனை இன்று 'ஆர் ரெட்டிகுலி' என்று அழைக்கின்றனர். அது ஏறக்குறைய 280 நாளுக்கு ஒரு முறை பெருகிச் சுருங்குகின்றது. பேரொளி கொண்டிருக்கும்போது அதன் படி ஏறக்குறைய 6½. மங்கும்போது 14 வரை இறங்கிவிடும். போக்ஸனின் அளவுப்படி 7½ படி வேறுபாடு என்றால் ஒளியில் ஆயிரம் மடங்கு வேறுபாடு! அதன் உச்ச நாட்களில்கூட அது வெறுங்கண்ணின் எல்லையில் நிற்பது. மங்கிய நாளில் தொலைநோக்கிக்கும் எளிதில் அகப்படாது. அத்தகைய மீன் ஒன்று முன்பு இருந்ததுபோல் இப்போது இல்லை என்று உணர்வதற்கு எத்துணைப் பயின்ற கண் வேண்டும்!

இன்னொன்றையும் எண்ணுங்கள். அம்மீன் வானின் நடுவரையிலிருந்து தெற்கே 63 பாகை தள்ளி நிற்பது. ஆகவே இங்கிலாந்தின் கிரீனிச்சில் அது ஒருபோதும் உதயமாவதில்லை. சென்னையிலும் மரக்காணத்திலும் அது தொடுவானத்துக்கு மேல் 14 பாகை அளவே ஏறும். நம் தை மாதத்து முன்னிரவில் ரோகிணி உச்சிவானில் நிற்கும் வேளையிலே, அம்மீனும் நேர்தெற்கில் தாழ்ந்து நிற்கின்றது. மரக்காணத்து உப்பளக் கரையில் நின்ற அம்மாலையில், இருள் முற்றியபின், நான் அத்திசையை நெடுநேரம் நோக்கிக்கொண்டிருந்தேன். வெறுங்கண்ணுக்கு அது புலப்படவில்லை. ஆயினும் அங்கே அது இருக்கின்றது என்னும் அறிவே எனக்கு மகிழ்ச்சி தந்தது. நம்மவர் ஒருவர் கண்டு சொன்ன மீன் அல்லவா அது!

ரகுநாதாசாரியார் கிரகணங்களையும் தேடிச் சென்றார். 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை இன்றைய தெலங்கானாவிலுள்ள வனபர்த்தியில் இருந்து நோக்கினார். ஹீலியம் என்னும் தனிமத்தை அறிஞர்கள் உணர வழிவகுத்த கிரகணம் அதுவே. 1871 டிசம்பர் 12ஆம் நாள் கிரகணத்தைக் கொங்கு நாட்டு அவிநாசியில் கண்டார். 1872ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரச வானூற் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

இவ்வளவு புகழோடு அவர் அமைதி அடைந்திருக்கலாம். ஆனால் அவர் உள்ளத்தை உறுத்திய வினா ஒன்று இருந்தது. தொலைநோக்கியில் ஒரு நேரத்தில் நிகழும் கிரகணம், தம் வீட்டுப் பஞ்சாங்கத்தில் மற்றொரு நேரத்தில் நிகழ்வதாக எழுதப்பட்டிருப்பது ஏன்? ஊரார் நம்புவது பஞ்சாங்கத்தை. நோன்பும் திருமணமும் நீத்தார் கடனும் அதன்படியே நடக்கின்றன. திதி என்பது திங்கள் ஞாயிற்றை விட்டு 12 பாகை விலகுவதற்கான காலம். திங்களின் இடத்தில் ஒரு பாகை தவறினால் திதியில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தவறும். அப்படியாயின் நாம் ஏகாதசி என்று நோற்கும் வேளையில் வானத்தில் ஏகாதசி உண்டா, இல்லையா?

ஆங்கிலக் கல்வி கற்றோர் சிலர் பஞ்சாங்கம் முழுவதையும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கினர். பழமை போற்றுவோர் முன்னோர் வாக்கை அசைக்கலாகாது என்றனர். ரகுநாதாசாரியார் இரண்டு பக்கமும் சாயவில்லை. முன்னோரும் வானத்தைக் கண்டே கணித்தனர். அவர்களைப் பின்பற்றுவதென்றால் நாமும் வானத்தைக் காணவேண்டும் என்பது அவர் கொள்கை. அதனால் கண்ணுக்குப் புலனாகும் நிலையோடு ஒத்துவரும் திருக்கணித பஞ்சாங்கத்தை அவர் வெளியிட்டார். 'திருக்' என்பது காட்சி. காட்சியோடு ஒத்த கணிதம் திருக்கணிதம்.

1874 டிசம்பர் 9ஆம் நாள் வெள்ளிக் கோள் ஞாயிற்றின் முகத்தைக் கடந்து செல்லவிருந்தது. புவிக்கும் ஞாயிற்றுக்கும் இடையிலுள்ள தொலைவை அளக்கக் கிடைத்த அரிய வாய்ப்பு அது. அதனைப் பொதுமக்களுக்கு விளக்க அவர் ஒரு சிறு நூல் எழுதினார். ஆங்கிலத்தில் மட்டும் எழுதி நிறுத்திவிடாமல் நம் நாட்டு மொழிகளிலும் அதனை வெளிவரச் செய்தார். பழைய சித்தாந்தம் கற்ற ஒருவரும் புதிய வானூல் கற்ற ஒருவரும் உரையாடுவதுபோல் அதனை அமைத்தார். அவ்விருவரும் அவர் உள்ளத்திலேயே வாழ்ந்தவர்கள் என்று எனக்குத் தோன்றுகின்றது. அதே ஆண்டில் சென்னைப் பச்சையப்பர் மண்டபத்தில் உரையாற்றி, நம் நாட்டு இளைஞர் பயில்வதற்கென்றே ஒரு வானாய்வு நிலையம் வேண்டும் என்று வேண்டினார்.

அவ்விருப்பம் அவர் வாழ்நாளில் நிறைவேறவில்லை. 1880 பிப்ரவரி 5ஆம் நாள் அவர் மறைந்தார். 1899ஆம் ஆண்டில் சென்னையின் வானாய்வுப் பணி கோடைக்கானலுக்குப் பெயர்ந்தது. நுங்கம்பாக்கத்தில் வானிலைப் பணி தொடர்ந்தது. ஆயிரம் ஆண்டுக்கு அறிவிக்கும் அக்கருங்கல் தூணில் ரகுநாதாசாரியாரின் பெயர் இல்லை.

அவர் எழுப்பிய வினா இன்றும் முடிந்தபாடில்லை. தமிழ்நாட்டில் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் அடுத்தடுத்து விற்கின்றன. சனிக்கோள் மீனத்துக்குப் பெயர்வது திருக்கணிதப்படி 2025 மார்ச்சு மாதம். வாக்கியப்படி 2026ஆம் ஆண்டு. வானத்தில் உள்ளதோ ஒரே சனிக்கோள்! எதனைப் பின்பற்றுவது என்பது அவரவர் வழக்கம். ஆனால் எது வானத்தோடு ஒத்தது என்பது வழக்கத்தால் முடிவு செய்யும் பொருள் அன்று. பார்த்து முடிவு செய்யும் பொருள்.

பார்க்கும் வழக்கம் உயிர் காப்பது என்பதையும் அக்கரையே நமக்குக் கற்பித்தது. 2024 நவம்பர் 30ஆம் நாள் புதுச்சேரிக்கு அருகே 'ஃபெஞ்சல்' புயல் கரை கடந்தபோது பெருமழை பொழிந்து, மரக்காணத்து உப்பளங்கள் நீரில் மூழ்கின. ஆயினும் புயல் வருகின்றது என்னும் அறிவிப்பு முன்னரே வானொலியிலும் பிறவற்றிலும் வந்துவிட்டது. அவ்வறிவிப்பு வானத்திலிருந்து தானே இறங்கி வந்ததன்று. 1796 முதல் நாள்தோறும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் சலியாமல் ஏட்டில் எழுதி வைத்தவர்களின் வழியிலே வந்தது. முதியவரை நான் சந்தித்தது அப்புயலுக்குப் பின்வந்த தை மாதத்தில். கரைந்துபோன வரப்புகளை அவர் மீண்டும் கட்டிக்கொண்டிருந்தார். "உப்பு போயிற்று ஐயா, முன்பே சொன்னார்கள், அதனால் ஆட்கள் பிழைத்தார்கள்" என்றார்.

மாணவர்களே, உங்களிடம் தொலைநோக்கி இல்லாமல் இருக்கலாம். ஒரிசாவில் வாழ்ந்த சாமந்த சந்திரசேகரர் மூங்கிற் கருவிகளாலேயே கோள்களை அளந்து 'சித்தாந்த தர்ப்பணம்' என்னும் நூலை இயற்றினார். அது 1899ஆம் ஆண்டில் அச்சேறியது. உங்களுக்கு ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும். இன்றிரவு திங்கள் எந்த விண்மீனுக்கு அருகில் நிற்கின்றது என்று பார்த்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். நாளையும் எழுதுங்கள். ஒரு மாதம் சென்றபின் வீட்டிலுள்ள பஞ்சாங்கத்தை எடுத்து ஒத்திட்டுப் பாருங்கள். ஒத்திருந்தால் மகிழுங்கள். ஒவ்வாதிருந்தால் ஏன் என்று கேளுங்கள். அவ்வாறு கேட்கும் கணத்தில் நீங்கள் சிந்தாமணி ரகுநாதாசாரியாரின் மாணவர் ஆகிவிடுவீர்கள்.